மென்பொருள் வானொலி: டெல்டாவில் தொடங்குவோர் கேட்கும் கேள்விகள்

நன்னிலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். மொட்டைமாடியில் கம்பிகளும் குழாய்களும் கட்டி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இது என்ன, டவரா?" என்று கேட்பவர்களில் பாதிப்பேர் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறார்கள். பாலிடெக்னிக் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மோட்டார் ரிப்பேர் செய்பவர்கள் என்று பலர் எஸ்.டி.ஆர். எனப்படும் மென்பொருள் வானொலியைப் பற்றிக் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லி வந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எஸ்.டி.ஆர். என்றால் என்ன? சாதாரண ரேடியோவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண ரேடியோவில் எல்லா வேலையையும் உதிரிப் பாகங்களே செய்கின்றன. ஒரு நிலையத்தைப் பிரித்தெடுப்பதும், அதிலிருந்து பேச்சை உரித்தெடுப்பதும் சுருளும் மின்தேக்கியும் வடிகட்டியும் சேர்ந்து செய்கிற வேலை. எஃப்.எம். கேட்கச் செய்த பெட்டி எஃப்.எம். மட்டுமே கேட்கும். அதை வேறு வேலைக்கு மாற்றவேண்டுமானால் சால்டரிங் அயர்னை எடுக்கவேண்டும். மென்பொருள் வானொலியில் அந்த வேலைகளில் பெரும்பகுதி கணினிக்குப் போய்விடுகிறது. அதே பெட்டி காலையில் எஃப்.எம். ரேடியோ, மதியம் விமானம் பார்க்கும் கருவி, இரவில் செயற்கைக்கோள் நிலையம். மாறுவது நிரல் மட்டும்தான்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இப்படி. கல்லணைக்கு வந்து சேரும் முழு ஆறுதான் ஆன்டெனாவில் விழும் அலைகள். அதில் எல்லாமே கலந்து கிடக்கும். டியூனர் ஒரு மதகு. வேண்டிய பகுதியை மட்டும் வாய்க்காலுக்குத் திறந்துவிடும். அந்த வாய்க்காலில் நட்டு வைத்த அளவுகோல்தான் அடுத்து வரும் சில்லு. தண்ணீர் மட்டத்தை ஒரு விநாடிக்கு 24 லட்சம் முறை பார்த்து எண்ணாக எழுதிக் கணினிக்கு அனுப்பும். அதற்குப் பிறகு ரேடியோ என்பது வெறும் எண்கள். வடிகட்டுவதும் பிரிப்பதும் ஒலியாக்குவதும் எல்லாம் கணக்கு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது காது அல்ல, கண். 24 லட்சம் அளவீடு என்றால் ஏறத்தாழ 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம் ஒரே நேரத்தில் திரையில் தெரியும். ஒவ்வொரு நிலையமும் ஒரு கோடாக, பட்டையாக மேலிருந்து கீழே வழிந்துகொண்டிருக்கும். அதற்கு வாட்டர்ஃபால் என்று பெயர். குமிழைத் திருகித் தேடிய காலம் போய், எங்கே யார் பேசுகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போய் உட்காரலாம்.

ஐ, க்யூ என்று எல்லா இடத்திலும் வருகிறதே, அது என்ன?

செக்கு மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அது சுற்றுவதைக் கதவு இடுக்கு வழியாகப் பார்க்கிறீர்கள். கிழக்கு–மேற்காக எங்கே நிற்கிறது என்பது மட்டும் தெரிகிறது. மாடு அங்கும் இங்கும் போய்வருவதுபோல்தான் இருக்கும். எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று சொல்லமுடியாது. வடக்கு–தெற்காக அது நிற்கும் இடமும் தெரிந்தால் சுற்றும் திசை தெரிந்துவிடும். முதல் அளவு ஐ, இரண்டாவது க்யூ. இரண்டும் கால் சுற்று தள்ளி எடுக்கப்படுபவை. இரண்டும் இருந்தால்தான் ஒரு அலை நடுப்புள்ளிக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று கணினிக்குப் பிரிக்க வரும். ஒன்று மட்டும் இருந்தால் மேலே உள்ள நிலையத்தின் நிழல் கீழேயும் விழும்.

விலை மலிவான டாங்கிள் என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

அது டிவி பார்க்கச் செய்த பொருள். வெளிநாடுகளில் தரைவழி டிஜிட்டல் டிவியைக் கணினியில் பார்ப்பதற்காக ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்.டி.எல்.2832யு என்ற சில்லை வைத்து விற்ற யு.எஸ்.பி. குச்சி. அந்தச் சில்லு எஃப்.எம். ரேடியோவுக்காக, பிரிக்காத எண்களை அப்படியே கணினிக்கு அனுப்பும் ஒரு வழியை வைத்திருந்தது. 2012-இல் ஆன்டி பலோசாரி என்ற ஃபின்லாந்து நிரலாளர் அதைக் கவனித்துச் சொன்னார். ஓஸ்மோகாம் குழுவினர் அதற்கு இயக்கு நிரல் எழுதினார்கள். அதுவரை லட்சத்தை ஒட்டிய விலையில் ஆய்வுக்கூடங்களில் இருந்த கருவியின் வேலையை அந்தக் குச்சி செய்யத் தொடங்கியது. 'மென்பொருள் வானொலி' என்ற சொல்லையும் கருத்தையும் 1990-களின் தொடக்கத்திலேயே ஜோசஃப் மிட்டோலா என்ற அமெரிக்கப் பொறியாளர் பரப்பியிருந்தார். அது நம் கைக்கு வந்தது இந்தக் குச்சியால்தான்.

எதை வாங்கலாம்?

முதல் கருவியாக ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். பிளாக் என்ற பெயரில் வரும் வி3 அல்லது வி4 போதும். சுமார் 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். வி4-இல் சிற்றலை கேட்பதற்கான அலைமாற்றி உள்ளேயே இருக்கிறது. வி3-இல் 'டைரக்ட் சாம்ப்ளிங்' என்ற வழியில் சிற்றலையும் மத்திய அலையும் வரும், ஆனால் கொஞ்சம் சுமாராக.

மிகவும் மலிவாக இருக்கிறதே என்று பெயரில்லாத குச்சியை வாங்கவேண்டாம். நான் முதலில் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கியது போலி. உறையில் எழுதியிருந்த வெப்ப ஈடுகட்டும் படிகம் உள்ளே இல்லை. சூடாக ஆக, நிலையங்கள் திரையில் நகர்ந்துகொண்டே போயின. பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை என்றால் 1,000 மெகாஹெர்ட்ஸில் ஒரு கிலோஹெர்ட்ஸ்தான் தள்ளும், அது பரவாயில்லை. சாதாரணப் படிகத்தில் ஐம்பது பங்கு பிழை இருந்தால் 50 கிலோஹெர்ட்ஸ் தள்ளிவிடும். குறுகிய பட்டையில் வரும் எதையும் அதில் பிடிக்கமுடியாது.

எஸ்.டி.ஆர்.பிளே, ஏர்ஸ்பை போன்றவை இன்னும் நல்ல கருவிகள். குச்சி 8 பிட், அதாவது 256 படிகளில் அளக்கும். அவை 12, 14 பிட்டில் அளப்பதால் பலமான நிலையத்தின் பக்கத்தில் கிடக்கும் மெல்லியதும் தெரியும். ஆனால் அவற்றை இரண்டாவது வருடம் வாங்குங்கள். ஹேக்ஆர்.எஃப்., புளூட்டோ இரண்டும் ஒலிபரப்பவும் கூடியவை. உரிமம் இல்லாமல் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

ஒன்றும் வாங்காமல் பார்த்துவிட்டு முடிவு செய்ய வழி உண்டா?

உண்டு, அதையே முதலில் செய்யுங்கள். நெதர்லாந்தில் ட்வென்டெ பல்கலைக்கழகத்தின் வெப்எஸ்.டி.ஆர். எல்லாருக்கும் திறந்திருக்கிறது, உலாவியிலேயே சிற்றலை முழுவதையும் கேட்கலாம். கிவிஎஸ்.டி.ஆர். என்ற கருவிகளையும் உலகெங்கும் பலர் இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒரு வாரம் அதில் சுற்றினாலே இது உங்களுக்குப் பிடிக்குமா, பிடிக்காதா என்று தெரிந்துவிடும்.

லேப்டாப் எப்படிப்பட்டது வேண்டும்? போனில் முடியுமா?

அரசுப் பள்ளியில் கொடுத்த பழைய லேப்டாப்பில் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். விண்டோஸில் எஸ்.டி.ஆர். ஷார்ப், எல்லாவற்றிலும் எஸ்.டி.ஆர். பிளஸ்பிளஸ், லினக்ஸில் ஜிக்யூஆர்எக்ஸ்; எல்லாம் இலவச நிரல்கள். எஸ்.டி.ஆர். பிளஸ்பிளஸ் ஆண்ட்ராய்டிலும் உண்டு. ஓ.டி.ஜி. ஒயர் இருந்தால் போனிலேயே குச்சியைச் செருகலாம்.

விண்டோஸில் புதியவர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். குச்சியைச் செருகியதும் விண்டோஸ் அதை டிவி என்று நினைத்து டிவிக்கான இயக்கியைப் போட்டுவிடும். ஜாடிக் என்ற சிறு நிரலைக் கொண்டு அதை வின்யு.எஸ்.பி. இயக்கியாக மாற்றவேண்டும். வி4 வாங்கியவர்கள் புதிய இயக்கியைத்தான் போடவேண்டும். பழையதில் நிலையமே வராது. குச்சி கெட்டுப்போய்விட்டது என்று என்னிடம் கொண்டுவந்த நான்குபேரில் மூவருக்கு இதுதான் காரணம்.

முதல் நாள் எதைக் கேட்கலாம்?

காரைக்கால் வானொலி, 100.3 மெகாஹெர்ட்ஸ். ஏற்கெனவே தெரிந்த நிலையத்தில் தொடங்கினால் கருவி சரியாக இருக்கிறதா என்று உடனே தெரியும். திரையில் அது சுமார் 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு நெளிந்துகொண்டிருக்கும். பாட்டு ஏறினால் விரியும், பேச்சு நின்றால் சுருங்கும். பக்கத்திலேயே 100.5-இல் கொடைக்கானல் மெலிதாக வருகிறதா என்று பாருங்கள். மேற்கே போகப்போக திருச்சியின் 102.1 பலப்படும்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் கொடுப்பினை. வேதாரண்யம், கோடியக்கரை, நாகப்பட்டினம் பக்கங்களில் இலங்கையின் தமிழ் எஃப்.எம். நிலையங்கள் சாதாரணமாகவே வரும். காற்றில்லாத வெக்கையான இரவுகளில் கடலுக்கு மேலே சூடான காற்றடுக்கு ஒன்று மூடிபோல் நிற்கும். அலைகள் அதற்கும் கடலுக்கும் இடையே குழாய்க்குள் போவதுபோல வளைந்து வெகுதூரம் ஓடும். அந்த இரவுகளில் 88 முதல் 108 வரை காலியிடமே இல்லாமல் திரை நிறைந்துவிடும்.

பழைய மத்திய அலை, சிற்றலை எல்லாம் இதில் வருமா?

வரும். திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸ், தூத்துக்குடி 1053 கிலோஹெர்ட்ஸ். இரண்டையும் பகலிலேயே தேடலாம். பொழுது சாய்ந்தபின் தொலைதூர நிலையங்கள் வரும். இதற்கு டாங்கிளோடு வரும் சின்னக் குச்சி ஆன்டெனா உதவாது. பத்துப் பதினைந்து மீட்டர் ஒயரைத் தென்னைமரத்துக்கோ வேப்பமரத்துக்கோ இழுத்துக் கட்டுங்கள். மின்கம்பிக்குப் பக்கத்திலோ அதன் மேலாகவோ ஒருபோதும் போகக்கூடாது.

சிற்றலையில் 7 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை, உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகப் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலிக்காரர்களின் 40 மீட்டர் பட்டை. காலை நேரத்தில் நம் நாட்டுக்காரர்களின் பேச்சு நிறைய இருக்கும். அங்கே எல்.எஸ்.பி. என்ற முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வாத்துக் கத்துவதுபோல் கேட்கும்.

என் திரை முழுக்க இரைச்சல். டாங்கிள் மோசமா?

பெரும்பாலும் வீடுதான் மோசம். எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், இன்வர்ட்டர், சோலார் பம்ப்செட்டின் கன்ட்ரோலர் ஆகியவை எல்லாம் மின்சாரத்தை விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டித் தருபவை. ஒவ்வொரு வெட்டும் ஒரு குட்டி ஒலிபரப்பு.

இதை எனக்குக் காட்டியது ஒரு மின்வெட்டு. ராத்திரி ஒன்பது மணி இருக்கும், லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. 40 மீட்டர் பட்டை முழுக்க மஞ்சளாகக் கொதித்துக் கிடந்தது. திடீரென்று தெருவோடு கரண்ட் போனது. அந்த நொடியில் திரை கருநீலமாக மாறி, அதுவரை இருந்ததே தெரியாத ஏழெட்டுக் கோடுகள் எழுந்து நின்றன. எங்கோ ஒருவர் மோர்ஸ் தட்டிக்கொண்டிருந்தார். முக்கால்மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் அவர் மறுபடி மறைந்துபோனார். மறுநாள் வீட்டு மெயினை அணைத்துவிட்டு, ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுப் பார்த்தேன். மாட்டுக்கொட்டகையில் இருந்த ஒரே ஒரு மலிவு எல்.இ.டி. விளக்குதான் பாதி இரைச்சலுக்குக் காரணம்.

நீங்களும் அப்படியே தேடுங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றுங்கள். யு.எஸ்.பி. நீட்டிப்பு ஒயர் ஒன்று போட்டுக் குச்சியை லேப்டாப்பிலிருந்து தள்ளி வையுங்கள்; ஒயரில் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள். முடிந்தால் ஒரு சாயங்காலம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வயல் நடுவே வரப்புக்குப் போய்ப் பாருங்கள். சுற்றி மலை இல்லை, மாடி இல்லை, அடிவானம் வரை திறந்த வெளி. ரேடியோவுக்கு இப்படிப்பட்ட நிலம் வாய்ப்பது பெரிய பாக்கியம்.

ஆன்டெனா வாங்கவேண்டுமா?

செய்யுங்கள். 75-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலை நீளம் மீட்டரில் கிடைக்கும். 100 மெகாஹெர்ட்ஸுக்கு 75 சென்டிமீட்டர். விமானங்களின் 1090-க்கு ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மாடியிலும் துருப்பிடித்து நிற்கும் பழைய தூர்தர்ஷன் ஆன்டெனாவின் அலுமினியக் குழாய்கள் இதற்கு அருமையான சரக்கு. கேபிள் டிவி ஒயர் 75 ஓம். குச்சி எதிர்பார்ப்பது 50. கேட்பதற்கு மட்டும் என்றால் அந்த வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல.

கடற்கரைக்காரர்களுக்கு ஒன்று. உப்புக்காற்று ஒரே மழைக்காலத்தில் இணைப்புகளைப் பச்சையாக்கிவிடும். இணைப்பை ரப்பர் டேப்பால் இறுகச் சுற்றுங்கள். ஒயரைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றிக் கட்டினால் தண்ணீர் ஒயர் வழியாக வீட்டுக்குள் வராது.

செயற்கைக்கோளிலிருந்து வானிலைப் படம் எடுக்கலாம் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். ஆனால் பழைய பாடங்களை நம்பி ஏமாறாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பாலானவை நோவா 15, 18, 19 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களைப் பற்றியவை. அவை மூன்றும் 2025-இல் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்பட்டுவிட்டன. வராத கோளுக்காக மாடியில் காத்திருந்த ஒரு மாணவர் என்னிடம் வந்து வருத்தப்பட்டார்.

இப்போது பிடிக்கவேண்டியவை ரஷ்யாவின் மீட்டியார் எம்2-3, எம்2-4. அலைவரிசை 137.9 அல்லது 137.1 மெகாஹெர்ட்ஸ். ஆன்டெனாவுக்கு 53 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு அலுமினியக் குழாய் போதும். இரண்டையும் 120 டிகிரி விரித்து, தரைக்குக் கிடையாக, வடக்கு–தெற்கு பார்த்து வையுங்கள். கோள் துருவத்துக்குத் துருவம் போவதால்தான் அந்தத் திசை. ஒரு தடவை தலைக்கு மேலே கடக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். எப்போது வரும் என்பதை ஜிபிரெடிக்ட் சொல்லும். சாட்டம்ப் என்ற இலவச நிரல் அலையை வாங்கிப் படமாக்கித் தரும்.

ஐப்பசியில் வங்கக்கடலில் ஒரு தாழ்வு நிலை சுழன்றுகொண்டிருந்தபோது, நான் கட்டிய குழாயில் வந்த படத்தில் அந்த மேகச் சுருளைப் பார்த்தேன். டிவியில் ஆயிரம் தடவை பார்த்ததுதான். ஆனாலும் அது நேராகக் கோளிலிருந்து என் மாடிக்கு இறங்கிய படம். அன்று இரவு நான் தூங்கவில்லை.

விமானம், கப்பல் பார்ப்பது எப்படி?

விமானங்கள் தங்கள் இடம், உயரம், வேகத்தை 1090 மெகாஹெர்ட்ஸில் தாங்களே சொல்லிக்கொண்டு போகின்றன. டம்ப்1090 என்ற நிரல் அதை வரைபடத்தில் போடும். பத்து மீட்டர் உயரத்தில் ஆன்டெனாவும், பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் விமானமும் இருந்தால், பூமியின் வளைவு அனுமதிக்கும் தூரம் ஏறத்தாழ 425 கிலோமீட்டர். திருவாரூரிலிருந்து கணக்குப் பார்த்தால் தெற்கே அது கொழும்பை எட்டும். சிறிய ஆன்டெனாவில் இதில் பாதி கிடைத்தாலே நல்லது.

கப்பல்களுக்கு 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ். நாகை, காரைக்கால் கரையோரம் இருந்தால் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பல்களின் பெயரும் போக்கும் தெரியும்.

காரைக்காலில் இருந்து பறக்கும் பலூனையும் கேட்கமுடியுமாமே?

இது நம் டெல்டாவுக்கே கிடைத்த வரம். காரைக்கால் வானிலை நிலையம் மேல்காற்றை அளக்க ஹைட்ரஜன் அல்லது ஹீலியம் பலூனில் ஒரு சிறு பெட்டியைக் கட்டி அனுப்புகிற நிலையங்களில் ஒன்று. வெப்பம், ஈரம், காற்று எல்லாவற்றையும் அந்தப் பெட்டி 400 முதல் 406 மெகாஹெர்ட்ஸுக்குள் சொல்லிக்கொண்டே ஏறும். உலகெங்கும் இதற்கான நேரம் நமக்குக் காலை 5.30, மாலை 5.30 மணியை ஒட்டியது. அதற்குச் சற்று முன்னரே திரையைத் திறந்து வையுங்கள். முப்பது கிலோமீட்டர் வரை ஏறி, பலூன் வெடித்து, பெட்டி குடையோடு இறங்கும்.

எங்கே இறங்கும் என்பது காற்றின் கையில். ஆடியில் கீழ்மட்டத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று அதைக் கடலுக்குத் தள்ளும். பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து பலமாக அடிக்கும் காற்று மறுபடி நிலத்துக்கு இழுத்து வரும். திரையில் அந்தத் திருப்பத்தைப் பார்ப்பது பாடப்புத்தகம் கண்முன் எழுந்து நிற்பதுபோல இருக்கும். வயலில் அப்படியொரு வெள்ளைப் பெட்டி விழுந்து கிடந்தால் பயப்படவேண்டாம் என்று ஊரில் நாலுபேருக்குச் சொல்லி வையுங்கள்.

வீட்டில் கிடக்கும் பழைய டிஷ் குடை ஏதாவது பயன்படுமா?

நன்றாகவே. க்யூஓ-100 என்ற புவிநிலைச் செயற்கைக்கோளில் அமெச்சூர்களுக்கென, அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையம் ஒன்று இருக்கிறது. அது 10,489.5 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும். டி.டி.எச். குடையில் உள்ள எல்.என்.பி. என்ற அலைமாற்றி அதிலிருந்து 9,750-ஐக் கழித்துத் தருவதால் 739.5 மெகாஹெர்ட்ஸாகக் குச்சிக்கு வந்து சேரும். நம் ஊரிலிருந்து அந்தக் கோள் மேற்கே, சற்றே தெற்கு சாய்ந்து, 28 டிகிரி உயரத்தில் நிற்கிறது. எல்.என்.பி.க்கு மின்சாரம் தனியாகத் தரவேண்டும். குச்சிக்குள் அந்த மின்சாரம் போகாமல் தடுக்கும் இணைப்பும் வேண்டும். அது இல்லாமல் மாட்டினால் குச்சி புகைந்துவிடும்.

இதெல்லாம் சட்டப்படி சரியா?

இதில் விளையாடக்கூடாது. 1885, 1933 ஆண்டுகளின் பழைய சட்டங்களின் இடத்தில் தொலைத்தொடர்புச் சட்டம், 2023 வந்திருக்கிறது. மற்றவர்களின் செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறித்தால் மூன்றாண்டு வரை சிறையும் இரண்டு கோடி ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. ஆகவே எல்லாருக்கும் என்று ஒலிபரப்பப்படுவதோடு நில்லுங்கள்: வானொலி நிலையங்கள், வானிலைக் கோள்கள், அமெச்சூர் பட்டைகள். காவல்துறை, கைப்பேசி, விமானி–கோபுரம் பேச்சு ஆகியவற்றுக்குள் போகவேண்டாம். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. அது சார்ந்த எதையும் தேடவோ பதியவோ பகிரவோ கூடாது என்று என்னிடம் வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்.

பேசவும் ஆசை என்றால் அமெச்சூர் உரிமத் தேர்வு எழுதுங்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்துகிறது, 12 வயது நிரம்பினால் எழுதலாம்.

புயல் நேரத்தில் இது கைகொடுக்குமா?

2018 நவம்பரில் கஜா வந்துபோனபின் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கங்களில் பல நாட்கள் கரண்டும் டவரும் இல்லாமல் கிடந்தோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அப்படிப்பட்ட நேரத்துக்கு இரண்டு பேட்டரி போட்ட சாதாரண டிரான்சிஸ்டர்தான் வேண்டும். மென்பொருள் வானொலி லேப்டாப்பை நம்பி இருக்கிறது. லேப்டாப் சில மணி நேரத்தில் படுத்துவிடும். புயலுக்கு முந்தைய இரண்டு நாட்களில், கோள் படம் பார்க்க, இது நல்ல துணை. இடி மின்னல் தொடங்கியதும் ஆன்டெனா ஒயரைக் கருவியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை முழுக்க நான் கேட்காத நேரமெல்லாம் அது கழன்றேதான் கிடக்கும்.

எனக்கு 67 வயது. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவன். கணினி அவ்வளவாகத் தெரியாது. இப்போது தொடங்கலாமா ஐயா?

தொடங்குங்கள் ஐயா. உங்கள் தலைமுறையிடம் இருப்பது இன்றைய பிள்ளைகளிடம் இல்லை: இரைச்சலுக்குள்ளிருந்து குரலைப் பிரித்தெடுக்கும் காது. குமிழை மயிரிழை திருகி, மங்கி மங்கி வரும் நிலையத்தைப் பிடித்து நிறுத்தியவர்கள் நீங்கள். நிரல் போடுவதைப் பேரப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து தந்துவிடும். ஒயரை மரத்தில் கட்டச் சொல்லுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டு விளக்குகளைக் குறைத்துவிட்டு, 1053-இல் தூத்துக்குடியை வையுங்கள். பிறகு மெல்ல 7.1 மெகாஹெர்ட்ஸுக்குப் போய், எல்.எஸ்.பி.யில், ஒரு கோட்டின் ஓரத்தில் மவுஸை வைத்து மிக மெதுவாக நகர்த்துங்கள். வாத்துக் குரல் மனிதக் குரலாக மாறும் இடம் உங்கள் கைக்குத் தெரியும்.